தேயிலைத் தோட்டமும் சம்பளச் சட்டமும்

ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே ஒரு நாள் உழைப்பைப் 'பேர்' என்று சொல்வார்கள். முழுப் பேர் பதிந்தால் முழுச் சம்பளம். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர். மாத முடிவில் எத்தனை பேர் பதிந்திருக்கிறது என்பதைக் கொண்டே லயத்தில் ஒரு குடும்பத்தின் வரவுசெலவு அமையும். அந்தப் பேருக்கு விலை வைப்பவர் யார்? இதற்குச் சட்டம் காலந்தோறும் வெவ்வேறு விடை கூறி வந்திருக்கிறது.

ஆதியில் விடை கங்காணியின் கணக்கிலே இருந்தது. தொழிலாளி பட்ட கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு இல்லாமல் அவர் வேறு தோட்டத்தில் வேலை பெற இயலாது. 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டு நீங்குவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். துண்டு முறையும் அத்தண்டனையும் 1921 இல் ஒழிந்தன.

1927 இல் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பிறந்தது. அதன் கீழ் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என விதிக்கப்பட்டது. கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலார் பெண்களாயிருந்தும், சம சம்பளம் அவர்களுக்கு 1984 இலேதான் கிட்டியது.

இதனிடையே, 1941 ஆம் ஆண்டுச் சட்டம் சம்பள நிர்ணய சபைகளை ஏற்படுத்திற்று. முதலாளிமார், தொழிலாளர், அரசு நியமித்தோர் ஆகிய முத்தரப்பும் சபையிலே இடம்பெறுவர். சபையின் தீர்மானம் வர்த்தமானியில் வெளிவந்தால் அது சட்டம். அதற்குக் குறைவாகக் கொடுப்பதற்கு எந்த உடன்பாடும் செல்லாது.

1992 இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. பின்னர் 1998 முதல் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் கூட்டு ஒப்பந்தம் செய்து சம்பளத்தை வகுத்தன. 2021 இல் கம்பனிகள் அதினின்று விலகின. அவ்வாண்டு மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியே அடிப்படைச் சம்பளம் 900 ரூபாய், கொடுப்பனவு 100 ரூபாய் என 1000 ரூபாய் விதிக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் நாட் சம்பளம் 1350 ரூபாயாயிற்று.

தொகை உயர்ந்தது மெய்யே. ஆயினும் கூட்டு ஒப்பந்தம் தொகையை மட்டும் பேசவில்லை. வேலையின் அளவையும் இரு தரப்பும் கூடிப் பேச இடமளித்தது. அது நீங்கியபின், பறிக்கவேண்டிய கிலோவின் அளவு கூட்டப்பட்டது என்றும், வேலை நாட்கள் குறைந்தன என்றும் தொழிலாளர் முறையிட்டனர். விளைச்சல் உயராமல் சம்பளத்தை உயர்த்த இயலாது என்பது கம்பனிகளின் வாதம். ஒன்று மாத்திரம் தெளிவு: நாட் சம்பளத்தை வர்த்தமானி எவ்வளவு உயர்த்தினாலும், பேர் அரையாய்ப் பதிந்தால் வீட்டுக்கு வருவது பாதியே.

ஆகையால் சம்பளச் சீட்டைக் கையில் வாங்குபவர் மூன்றைப் பார்த்தல் வேண்டும்: நாளொன்றின் தொகை என்ன, எத்தனை பேர் பதிந்திருக்கிறது, எத்தனை கிலோவுக்கு ஒரு பேர். தொகை சட்டத்துக்குக் குறைந்திருப்பின் தொழில் திணைக்களத்திலே முறையிடலாம். மற்ற இரண்டும் தொழிலாளர் ஒன்றுகூடிப் பேசித் தீர்க்கவேண்டியவை. தராசின் முள்ளைச் சட்டம் ஒவ்வொரு மலையிலும் வந்துநின்று பார்த்துக்கொண்டிராது அன்றோ!