அபராதம் கட்டினால் முடிந்துவிடுமா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு வந்தால், ஜமாஅத்துக்குத் தெரியாமல் அபராதத்தைக் கட்டி மூடவே நம் வீடுகளில் பார்க்கிறார்கள். லோடு வேன் ஓட்டிப் பிழைக்கும் பிள்ளைக்கு அது போதாது.

100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் மது இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு பாயும். 2019 திருத்தத்தின்படி முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸ் 3 மாதம் முடங்கும். புத்தாக்கப் பயிற்சி முடித்தால்தான் திரும்பக் கிடைக்கும். மறுமுறை சிக்கினால் லைசென்ஸே ரத்து.

அமெரிக்காவின் பல மாநிலங்களில், குடிப்பழக்கம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பரிசோதிக்கவும் வகுப்புக்குப் போகவும் நீதிமன்றமே உத்தரவிடும். இந்த 185-ஆம் பிரிவில் அப்படி எதுவும் இல்லை. 2022-ல் சென்னையில் இப்படி ஒரு வழக்கில் சிக்கிய இளைஞரை, சிக்னலில் நின்று விழிப்புணர்வு நோட்டீஸ் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். நல்ல நிபந்தனைதான், ஆனால் அது சிகிச்சை ஆகாது.

ஆகவே பரிசோதனைக்கு நாம்தான் கூட்டிப் போகவேண்டும். எவ்வளவு குடிக்கிறார், வாரத்தில் எத்தனை நாள், காலையில் கை நடுங்குகிறதா என்று மருத்துவர் கேட்பார். கடைசிக் கேள்வியை லேசாக எண்ணாதீர்கள். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிரே போகலாம். தவ்பா செய்யவைத்து அறையில் பூட்டிவைக்கும் பெற்றோருக்கு இது தெரிவதில்லை. நிறுத்துவதை மருத்துவர் மேற்பார்வையில் செய்யுங்கள். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். போதை மீட்பு உதவிக்கான இலவச எண் 14446. கூடப் போக ஆளில்லை என்றால் நாங்கள் வருகிறோம்.