கித்தார் கேட்கும் பிள்ளைக்கு எதை வாங்கிக் கொடுப்பது?

"வாத்தியாரய்யா, இவனுக்கு எதிலும் நிலை கிடையாது. ஆசைப்பட்டானே என்று கித்தார் வாங்கிக் கொடுத்தேன். ஒரு மாதம்கூடத் தொடவில்லை!" என்று குறைப்பட்டுக்கொண்டார், எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் தகப்பனார் ஒருவர். என் பழைய மாணவனான மகன் தலை குனிந்து நின்றான்.

கித்தாரைக் கொண்டுவரச் சொன்னேன். கறுப்பு நிறம், கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. கைப்பேசியில் படத்தைப் பார்த்தே வரவழைத்தார்களாம். பயிற்சிக் கல்லூரி நாட்களில் நானும் கொஞ்சம் பழகியவன்தான். ஆனால் கம்பியை அழுத்தியதும் என் விரலே கன்றிவிட்டது. பையனின் விரல் நுனிகளைப் பார்த்தேன். கொப்புளம் ஆறிய தழும்புகள்! அவன் சோம்பேறியல்ல, குற்றம் கித்தாருடையது.

பெற்றோர்களே, நிறம் பார்த்து வாங்குவதற்குக் கித்தார் சட்டையல்ல. பிள்ளையின் கைக்கு ஒத்து வருகிறதா என்பதே முதல் கேள்வி.

நைலானா, இரும்பா?

மின்சாரம் தேவைப்படாத கித்தாரில் இரண்டு வகை உண்டு. நைலான் கம்பி போட்டது ஒன்று. இரும்புக் கம்பி போட்டது மற்றொன்று. இரும்புக் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ கனத்துக்கு இழுத்து நிற்கும். நைலானின் இழுப்பு ஏறக்குறைய அதில் பாதிதான். ஆகவே சிறு பிள்ளைகளின் மெல்லிய விரலுக்கு நைலானே நல்லது. அதன் கழுத்துப் பலகை சற்று அகலமாக இருக்கும், அது பழகிவிடும். நைலான் கித்தாரில் இரும்புக் கம்பியை மாட்டிவிடாதீர்கள். அடிக்கட்டை பெயர்ந்துவிடும்.

நம் நாட்டு மலாய் நண்பர்கள் இத்தகைய கித்தாரை 'கித்தார் காப்போக்' என்பார்கள். சீனாவின் குவாங்சோ நகரிலிருந்து வந்த 'காப்போக்' முத்திரைக் கித்தார்கள் ஒரு காலத்தில் இங்கே மலிவாகக் கிடைத்தன. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பினாங்கின் 'எல்லிகேட்ஸ்' குழுவை உருவாக்கிய லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் பாட்டுகளை அதில் வாசித்துப் பழகியவர்கள் எத்தனையோ பேர்!

கடையில் செய்ய வேண்டியவை

பிள்ளையைக் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். கித்தார் தெரிந்த அண்ணன்மார் யாரேனும் வந்தால் இன்னும் நல்லது. கிள்ளானிலேயே பார்க்கலாம். மனத்துக்குப் பிடிக்காவிட்டால் கொமுட்டர் இரயிலேறி கே.எல். சென்ட்ரலில் இறங்குங்கள். பக்கத்திலேயே பிரிக்பீல்ட்ஸ், அங்கிருந்து கோலாலம்பூர்க் கடைகளுக்கும் போகலாம். முதல் கடையிலேயே பணத்தை நீட்டிவிட வேண்டாம்.

முதலில் அளவு. எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அரை அளவு, பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு முக்கால் அளவு, அதற்கு மேல் முழு அளவு என்பது பொதுவான கணக்கு. உட்கார்ந்து மடியில் வைக்கும்போது தோள் தூக்கிக்கொள்ளக் கூடாது.

அடுத்தது கம்பியின் உயரம். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளில் பன்னிரண்டாவதைப் பாருங்கள். அதற்கும் கம்பிக்கும் இடையே இரும்புக் கம்பியானால் 3 மில்லிமீட்டர், நைலானானால் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கலாகாது. இரண்டு நாணயங்களை அடுக்கிய உயரம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு கட்டமாக அழுத்தி மீட்டச் சொல்லுங்கள். 'கிர்ர்' என்ற சத்தம் வரக் கூடாது. பன்னிரண்டாவது கோட்டில் அழுத்தும்போது, அழுத்தாத கம்பியின் அதே சுரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும். பிசகினால் அந்தக் கித்தாரில் எவ்வளவு பழகினாலும் சுருதி சேராது. முறுக்காணிகள் வழுக்காமல் நிற்க வேண்டும்.

முன்பலகை முழு மரமாக இருந்தால் ஒலி நன்றாக இருக்கும், விலையும் ஏறும். தொடக்கத்துக்கு ஒட்டுப்பலகையே போதும். நம் ஊர்ப் புழுக்கத்தையும் அது தாங்கும். பழைய கித்தாராக இருந்தாலும் குறைவில்லை. கழுத்து நேராக இருக்கிறதா, அடிக்கட்டை பெயர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

வாங்கிய பின் அடுப்பங்கரைச் சுவரிலோ, வெயிலில் நிற்கும் காரிலோ வைக்காதீர்கள். வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். சுருதி சேர்க்கக் கைப்பேசியிலேயே இலவசச் செயலிகள் உள்ளன.

அந்தப் பையன்

அவனுடைய கித்தாரைப் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனோம். கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டைத் தேய்த்து உயரத்தைக் குறைத்தார். மெல்லிய கம்பிகளை மாட்டினார். புதுக் கித்தாருக்கான செலவில்லாமல் வேலை முடிந்தது.

பையன் ஆசைப்பட்டது, 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் கித்தாரோடு தொடங்கும் அந்தப் பாட்டுக்காகத்தான். அதற்கு இசையமைத்த இளையராஜாவே 1976இல் 'அன்னக்கிளி' வருமுன் பிறருக்குக் கித்தார் வாசித்தவர் என்று சொன்னேன். பையன் முகம் மலர்ந்தது.

பாட்டு இன்னும் முழுதாக வரவில்லை. பாதியில் தடுக்குகிறது, மறுபடி தொடங்குகிறான். "தினமும் இதே சத்தம்தான், வாத்தியாரய்யா" என்கிறார் தகப்பனார். இப்போது அவர் குரலில் குறை இல்லை.

பிள்ளை ஒன்றைப் பாதியில் விட்டால், திட்டுவதற்கு முன் அதன் விரலை ஒருமுறை பாருங்கள்.