தேடல் வரிசையும் நேர்மையும்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் ஓர் ஆசிரியர், தில்லி செல்லும் விமானங்களை இணையத்தில் தேடுகிறார் எனக் கொள்வோம். பட்டியலில் முதலில் நிற்பதையே அவர் பெரும்பாலும் திறப்பார். ஆகவே, வரிசையை அமைப்பதும் ஒருவகைத் தீர்ப்பேயாகும்.

1998ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கூகுள், ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எந்த அளவு சுட்டுகின்றன என்பதைத் தகுதியின் அளவுகோலாகக் கொண்டது. பொருளைச் செம்மையாக்கி முன்னேற முயல்வது முறையே. சுட்டுகளை விலைக்கு வாங்குவதும், தேடுசொற்களைப் பயனின்றி அடுக்குவதும் முறையன்று. அவை அளவுகோலையே பொய்யாக்குகின்றன.

அளவுகோலைக் கையில் வைத்திருப்போரும் இந்நெறிக்கு உட்பட்டவரே. சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி.காம் நிறுவனமும், கட்ஸ் என்னும் நுகர்வோர் அமைப்பும் முறையிட்டதன்மேல், இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரி 8 அன்று, பெரும்பான்மை முடிவாகக் கூகுளுக்கு ரூ. 135.86 கோடி அபராதம் விதித்தது. விமானத் தேடலில் தன் சேவைக்கே முதன்மையான இடம் தந்தது ஆணையம் கண்ட குறைகளுள் ஒன்று. அவ்விடத்து இணைப்பு கூகுளின் சொந்தப் பக்கத்துக்கே செல்லும் என்று தெரிவிக்குமாறும் ஆணையம் பணித்தது. வேறு சில குற்றச்சாட்டுகள் ஏற்கப்படவில்லை. கூகுளும் மேல்முறையீடு செய்தது.

முதலிடம் தகுதியால் வந்ததா, விலையால் வந்ததா என்று வினவும் பழக்கத்தை மாணாக்கரிடமும் உழவரிடமும் வளர்ப்பது நம் கடமையாகும்.