வீடு மாறினால் இணைப்பும் கூடவே வருமா?

வீடு மாறும் நாள் நெருங்கும்போது தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் முதலில் புரட்டப்படுவது நாட்காட்டிதான். ஆடி மாதத்தைத் தவிர்க்கிறார்கள். நல்ல நாளும் நேரமும் குறிக்கிறார்கள். தேக்காவில் பூவும் பழமும் வாங்கி, பால் காய்ச்சப் புதுப் பாத்திரம் எடுத்துவைக்கிறார்கள். அதே மாடிக்குக் குடிவரும் சீனக் குடும்பம் அன்னாசிப் பழத்தை வாசலில் உருட்டிவிட்டு உள்ளே நுழையும். லாரி, அட்டைப்பெட்டி, மின்சாரம், தண்ணீர் என எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு ஆகிவிடும். தொலைக்காட்சி, இணையம் பற்றிய நினைப்பு மட்டும் பெரும்பாலும் சோபாவை இறக்கிவைத்த பிறகுதான் வருகிறது.

பழைய வீட்டிலிருந்து பத்திரமாகக் கழற்றி வந்த மோடத்தைப் புதிய வீட்டுச் சுவரில் இருக்கும் சிறிய வெள்ளைப் பெட்டியில் செருகிப் பார்க்கிறார்கள். சிவப்பு விளக்கு எரிகிறது. இல்லையென்றால் பச்சை விளக்கு ஓயாமல் சிமிட்டுகிறது. மோடம் கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்படுகிறார்கள். உண்மையில் அதில் எந்தக் கோளாறும் இல்லை. வீடு மாறும்போது கம்பி கூடவே வருவதில்லை. கூட வருவது நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம் மட்டுமே. அந்த ஒப்பந்தத்தைப் புதிய முகவரியில் உள்ள கம்பியோடு யாராவது இணைத்தாக வேண்டும்.

சிங்கப்பூரில் இந்தக் கம்பியின் கதை 1990களில் விறுவிறுப்படைந்தது. அதுவரை வீட்டுக்கூரையிலோ தொலைக்காட்சிப் பெட்டியின் மேலோ இருந்த அலைவாங்கிதான் படத்தைப் பிடித்துத் தந்தது. 1995ல் சிங்கப்பூர் கேபிள் விஷன் நிறுவனம் தெம்பனிஸ் வட்டாரத்தில் தொடங்கி, வீடுவீடாகச் செப்புக் கம்பிவடம் இழுக்கத் தொடங்கியது. நான்கே ஆண்டுகளில் தீவு முழுவதும் அது பரவியது. 2002ல் அந்த நிறுவனம் ஸ்டார்ஹப்புடன் இணைந்தது. பின்னர் தேசிய அளவில் கண்ணாடியிழைக் கட்டமைப்பு உருவாக்கப்பட்டு, 2010ல் அதன்வழி இணையச் சேவை தொடங்கியது. 2019 செப்டம்பர் 30ஆம் தேதியுடன் பழைய கம்பிவடச் சேவை நிறுத்தப்பட்டது. இன்றும் "வீட்டில் கேபிள் போட்டாச்சா?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. அந்தக் கேபிள் போய்விட்டது. சொல் மட்டும் நின்றுவிட்டது.

இப்போதைய கட்டமைப்பில் ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாடு இருக்கிறது. வீட்டுக்குள் வரும் கண்ணாடியிழை, மாதக் கட்டணம் வாங்கும் நிறுவனத்துக்குச் சொந்தமானதன்று. அதை அமைத்துப் பராமரிப்பது நெட்லிங்க் என்ற தனி அமைப்பு. அந்த இழையில் ஒளியைச் செலுத்தும் கருவிகளை இயக்குவோர் நடுவில் இருக்கிறார்கள். மக்களிடம் சேவையை விற்கும் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்ஒன் போன்ற நிறுவனங்கள் கடைசி அடுக்கில் வருகின்றன. அதனால் லிட்டில் இந்தியாவிலிருந்து பொங்கோலுக்குக் குடிபோனாலும் பழைய நிறுவனத்தின் சேவையையே தொடரலாம்.

சென்னையில் கேபிள் தொலைக்காட்சியின் நிலை வேறு. அங்குப் பல காலமாக ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் உள்ளூர் கேபிள்காரர் இருந்துவருகிறார். 2011ல் தமிழக அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்குச் சேவையைத் தொடங்கியபோதும், அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர்கள் அந்த உள்ளூர்க்காரர்களே. பகுதி மாறினால் ஆளும் மாறிவிடுவார்.

ஆனால் இங்கும் ஒரு சிக்கல் உண்டு. மைய நிலையத்திலிருந்து வரும் ஓர் இழையின் ஒளி, பல வீடுகளுக்குப் பிரிந்து செல்கிறது. எந்த முகவரியின் எந்தத் துளையில் யாருடைய ஒப்பந்தம் ஓடுகிறது என்பது பதிவில் இருக்க வேண்டும். பல வீடுகளில் அந்த வெள்ளைப் பெட்டியில் இரண்டு துளைகள் இருக்கும். முன்பு குடியிருந்தவர் தம் சேவையை இன்னும் நிறுத்தாமல் இருந்தால், ஒரு துளை அவர் பெயரிலேயே இருக்கும். அப்போது இரண்டாவது துளையைப் பயன்படுத்த வேண்டும். மறுவிற்பனை வீடு வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டை விற்றவருக்குப் புதிய வீட்டின் சாவி இன்னும் கிடைக்காவிட்டால், வீவகவின் அனுமதியுடன் அவர் மூன்று மாதம் வரை பழைய வீட்டிலேயே தங்கியிருக்க முடியும். வீடு ஒருவர் பெயரில், குடியிருப்பவர் வேறொருவர், இணைப்பும் அவருடையது என்ற நிலை அப்போது ஏற்படுகிறது. எந்த நாளில் சேவையை நிறுத்துவார் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது எளிய வழி. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

புதிதாகக் கட்டப்பட்ட வீட்டில் முன்பு குடியிருந்தவர் என்று யாரும் கிடையாது. அங்கு ஆபத்து வேறு வடிவில் வருகிறது. சாவி வாங்கியதும் புதுப்பிப்பு வேலை தொடங்கும். தச்சர், சுவரில் உள்ள அந்தப் பெட்டியின் மேலேயே அலமாரியை அடித்துவிடுவார். அல்லது வண்ணம் பூசுவதற்காக இழையை இழுத்து மடக்கி வைப்பார். செப்புக் கம்பியை எப்படி வளைத்தாலும் அது தாங்கும். கண்ணாடியிழை அப்படியன்று. தலைமுடி அளவே தடிமன் கொண்ட அந்தக் கண்ணாடியைக் கூர்மையாக மடித்தால் ஒளி கசிந்துவிடும். சில வேளைகளில் இழையே ஒடிந்துவிடும். அதைச் சரிசெய்யும் செலவு வீட்டுக்காரர் தலையில் விழக்கூடும். ஆகவே சுத்தியல் வீட்டுக்குள் நுழையும் முன்பே அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்து, அதை மூடி வைக்கும்படி வேலையாட்களிடம் சொல்ல வேண்டும்.

ஒரு குடும்பம் தானாக முடிவெடுத்து மாறுவது ஒரு வகை. ஒரு கட்டடமே காலிசெய்யப்படுவது இன்னொரு வகை. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருந்தது ரோச்சோர் சென்டர். 1970களில் எழுந்த அதன் நான்கு வண்ணப் புளோக்குகளைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். வடக்கு-தெற்கு விரைவுச்சாலைக்காக அந்த இடம் தேவைப்படும் என்று 2011ல் அறிவிக்கப்பட்டது. 500க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அங்கிருந்து வெளியேற வேண்டியிருந்தது. அவர்களுக்கென்று காலாங் வட்டாரத்தில் மாற்று வீடுகள் கட்டப்பட்டன. 2016 முடிவதற்குள் குடியிருப்பாளர்கள் வெளியேறினார்கள். 2018ல் கட்டடம் இடிக்கப்பட்டது.

இப்படி வெளியேறுவோரில் பல பத்தாண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்த முதியவர்களும் இருப்பார்கள். அண்டை வீட்டாரும் கீழ்த்தளத்துக் காப்பிக்கடையும் ஒரே நாளில் கைவிட்டுப் போகும்போது, புதிய கூடத்தில் அவர்களுக்குப் பழகிய முகம் தொலைக்காட்சியில் தெரியும் முகம்தான். ஒரு பாட்டிக்கு, மாலையில் பார்க்கும் தமிழ்த் தொடர் இரண்டு வாரம் நின்றுபோவது சிறிய விஷயமன்று. இத்தகைய இடைவெளியில் ஒரு வழி இருக்கிறது. 2008 முதல் தனி ஒளிவழியாக இயங்கும் வசந்தத்துக்குச் சந்தா தேவையில்லை. 2019 தொடக்கத்தில் பழைய முறை ஒளிபரப்பு நின்றுவிட்டாலும், மின்னிலக்க ஒளிபரப்பை ஏற்கும் தொலைக்காட்சியும் சிறிய உட்புற அலைவாங்கியும் இருந்தால் அதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டு ஒளிவழிகளுக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

மாணவர்களுக்கு இது வேறு வகையில் முக்கியம். 2020 ஏப்ரல் 8ஆம் தேதி நாட்டின் பள்ளிகள் அனைத்தும் முழுமையாக வீட்டிலிருந்தே கற்றலுக்கு மாறின. இணைப்பு இல்லாத வீடு அன்று வகுப்பறை இல்லாத வீடானது. பொழுதுபோக்கு என்ற பட்டியலிலிருந்து இணையம், தண்ணீர், மின்சாரம் இருக்கும் பட்டியலுக்கு வந்தது அப்போதுதான்.

அப்படியானால் எப்போது தொடங்குவது? மறுவிற்பனை வீடாக இருந்தால், விண்ணப்பத்தை வீவக ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து விற்பனை முடிய ஏறத்தாழ எட்டு வாரங்கள் ஆகும். கையில் நாள் இருக்கிறது. மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு முன்பே சேவை நிறுவனத்திடம் புதிய முகவரியைத் தெரிவிப்பது நல்லது. தொழில்நுட்பர் வரும் நாளைப் பால் காய்ச்சும் நாளில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது இன்னும் நல்லது. விருந்தினர் நிறைந்த கூடத்தில், பூசைக்கு நடுவே, ஏணியுடன் ஒருவர் வந்து நின்றால் இரண்டு வேலையும் கெடும்.

ஒப்பந்தத்தையும் எடுத்துப் படிக்க வேண்டும். ஈராண்டு ஒப்பந்தத்தைப் பாதியில் நிறுத்தினால் அதற்கெனக் கட்டணம் இருக்கும். இடமாற்றத்துக்கும் கட்டணம் இருக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் முன்னதைவிடக் குறைவு. சில வேளைகளில் இடமாற்றத்தின்போது புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்வார்கள். அப்போது ஈராண்டுக் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். அதைக் கேட்காமல் தலையாட்டக்கூடாது.

வாடகைக்கு இருப்போர் ஒன்றைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். டன்லப் ஸ்திரீட் போன்ற இடங்களின் பழைய கடைவீடுகளில் அந்த வெள்ளைப் பெட்டி இல்லாமலும் போகலாம். புதிதாகப் பொருத்தச் சுவரில் துளையிட வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் ஒப்புதல் தேவை.

பழைய வீட்டைப் பூட்டும் முன் கடைசியாக ஒரு முறை சுற்றிப் பார்ப்பது வழக்கம். மோடமும் தொலைக்காட்சிப் பெட்டிக்கான சிறு கருவியும் நிறுவனம் இரவல் தந்தவையாக இருக்கலாம். வேண்டாத பொருள்களோடு சேர்த்து அவற்றைக் காரங்குனிக்காரரிடம் கொடுத்துவிட்டு, பிறகு நிறுவனத்துக்குப் பணம் கட்ட வேண்டிய நிலை வரக்கூடும். சுவரில் உள்ள வெள்ளைப் பெட்டியையோ கழற்றவே கூடாது. அது அந்த வீட்டுக்கு உரியது. அடுத்து வருபவர் தம் மோடத்தை அதில்தான் செருகப்போகிறார்.