லாரியின் இரட்டைப் பேட்டரி: சோதிப்பதும் சார்ஜ் செய்வதும்

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் பெருஞ்சாலையில், புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் வழி பிரிகின்ற திண்டிவனத்தையும், 1975ஆம் ஆண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தோன்றிய நாள்முதல் அரசுப் பேருந்துகளுக்குத் தலைமையிடமாக விளங்கிவரும் விழுப்புரத்தையும் அல்லும் பகலும் கடந்து செல்லும் லாரிகளிலும் பேருந்துகளிலும் பெரும்பாலானவை, 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் மின்சக்தியால் இயங்குகின்றவை. கனத்த டீசல் இன்ஜினைச் சுழற்றும் செல்ஃப் மோட்டாருக்கு மிகுந்த சக்தி வேண்டியிருப்பதாலும், வோல்ட் இருமடங்கானால் அதே சக்தியைப் பாதி ஆம்பியரில் பெற இயலும் என்பதாலுமே இந்த ஏற்பாடு அவசியமாயிற்று.

இரண்டு பேட்டரிகளும் சரிசமமாக இருக்கும்வரை இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால், ஒர்க்‌ஷாப்புகளில் டைனமோ என்றே இன்னும் வழங்கப்படும் ஆல்டர்னேட்டர், இரண்டின் கூட்டுத்தொகையை மட்டுமே அறியும். ஒவ்வொன்றின் தனி நிலையை அது அறியாது. அது சுமார் 28 வோல்ட் தரும்போது நல்ல பேட்டரிகள் தலைக்கு 14 வோல்ட்டாகப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றில் ஒரு செல் ஷார்ட் ஆகி அது 12 வோல்ட்டிலேயே நின்றுவிட்டாலோ, மீதமுள்ள 16 வோல்ட்டும் மற்றதன்மீது விழுந்து, அதன் திராவகத்தைக் கொதிக்கவைத்துத் தகடுகளை அரித்துவிடுகிறது. ஒன்றின் நோய் மற்றதன் ஆயுளையும் குடித்துவிடும் என்பதே இரட்டைப் பேட்டரியைப் பற்றி முதலில் அறியவேண்டிய உண்மை.

இந்த ஏற்றத்தாழ்வைப் பல சமயங்களில் நாமே உண்டாக்குகிறோம். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி வந்து, தன் முறைக்காக நெடுநேரம் காத்திருக்கும் ஒரு லாரியில், 12 வோல்ட் பாட்டுப் பெட்டிக்கும் செல்போன் சார்ஜருக்கும் இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்திருந்தால், அந்த ஒன்று நாள்தோறும் இறங்க, மற்றது நிறைந்தே நிற்கும். 24 வோல்ட்டை 12 ஆக மாற்றித் தரும் கன்வெர்ட்டரைப் பொருத்துவதே இதற்குத் தக்க பரிகாரம்.

சோதனையின் முதல் விதி, ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிப்பது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது மீட்டர் காட்டும் 24.8 வோல்ட், 12.7உம் 12.1உமாகப் பிரிந்திருக்கக்கூடும். வண்டி ஓடி நின்ற சில மணி நேரத்துக்குப் பின் அளந்தால், 12.6 வோல்ட்டுக்குக் குறையாதது நிறைந்தது, 12.2 பாதி, 12க்குக் கீழ் வந்தால் காலி எனலாம். மூடி திறக்கும் வகையாயின் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்களின் அடர்த்தியையும் பார்க்கவேண்டும். நிறைந்த நிலையில் அது, தயாரிப்பாளர் குறித்தபடி, 1.240 முதல் 1.280 வரை இருக்கும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050க்கு மேல் தாழ்ந்திருந்தால் அந்த செல் பழுதுபட்டதென்று கொள்ளலாம். இறுதியாக, ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றொருவர் ஒவ்வொரு பேட்டரியின் டெர்மினலிலும் மீட்டரை வைத்துப் பார்க்கவேண்டும். சார்ஜ் நிறைந்திருந்தும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிகின்றது எதுவோ, அதுவே வண்டியை நடுவழியில் நிறுத்தப்போவது.

சார்ஜ் செய்வதிலும் அதே நிதானம் வேண்டும். எர்த் ஒயரை முதலில் கழற்றி, இரண்டுக்கும் இடையேயுள்ள இணைப்பைப் பிரித்து, ஒவ்வொன்றையும் 12 வோல்ட் சார்ஜரில் தனியே நிறைப்பதே சிறந்த முறை. 24 வோல்ட் சார்ஜரைத் தவறியும் ஒரு பேட்டரியில் மாட்டலாகாது. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 150 ஆம்பியர்-மணிப் பேட்டரிக்கு 15 ஆம்பியர், போதுமானது. பேட்டரியின் உஷ்ணம் 50 டிகிரியை எட்டுமுன் சார்ஜை நிறுத்திவிட வேண்டும். சார்ஜ் ஏறும்போது வெளிப்படும் ஹைட்ரஜன், காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே தீப்பற்றும் என்பதால், காற்றோட்டமும் தீப்பொறி இல்லாமையும் இன்றியமையாதவை. தகடுகள் வெளியே தெரிந்தாலன்றி, டிஸ்டில் வாட்டரைச் சார்ஜ் முடிந்த பின்னரே ஊற்றவேண்டும். ஆசிட் ஒருபோதும் கூடாது. மீண்டும் மாட்டும்போது எர்த் ஒயர் கடைசியில் வரவேண்டும்.

ஒரு பேட்டரி கெட்டால், செலவைக் கருதி அதை மட்டும் மாற்றிப் பழையதோடு புதியதைச் சேர்ப்பது, சித்திரை வைகாசி வெயிலில் நீர் வற்றி வாடும் நம் பகுதி வண்டிகளுக்கு, உண்மையில் இரட்டிப்புச் செலவே. ஜோடி வாங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தாலன்றி, ஒரே கம்பெனியின், ஒரே கொள்ளளவுள்ள இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஈயமும் திராவகமும் மண்ணையும் நீரையும் கெடுக்கக்கூடியவை ஆதலின், 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளுக்கு இணங்க, பழையவற்றைப் புதியது வாங்கும் கடையிலேயே திருப்பி ஒப்படையுங்கள்.