ஏட்டுச்சுவடியின் நிறமும் கணினித்திரையும்

ஏட்டுச்சுவடியை நேரிற் காண்பார் குறைந்து, அதன் படத்தைத் திரையிற் காண்பார் பெருகிவருகின்றனர். 1943-இல் நிறுவப்பெற்று இன்று பெசன்ட் நகரில் விளங்கும் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்திற்கு ஆவடியிலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ செல்லும் மாணவர் நகரம் முழுவதையும் கடத்தல் வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017-இல் மின்னூலகம் தொடங்கிய பின்னர், அம்மாணவர் தம் இல்லத்திலிருந்தே ஏடு பயிலுதல் இயல்வதாயிற்று. ஆயின், அவர் காண்பது ஏட்டின் நிறமா, தம் திரையின் நிறமா என்பது வினா.

இவ்வினா சிறிதன்று. எழுத்தாணியாற் கீறிய எழுத்துத் தனக்கென நிறமில்லாதது. கரியோ இலைச்சாறோ பூசித் துடைத்த பின்னரே கீறலிற் கருமை தங்கும். ஆகவே கருமையின் தன்மையும் பாடத்திற்குச் சான்றாகின்றது. ஒரு சொல் மட்டும் அயற்சொற்களினும் கறுத்திருப்பின் பிறிதொரு கை புகுந்ததோ என ஐயுறல் தகும். பழைய ஏடுகளிற் பெரும்பாலும் புள்ளி இடப்பெறாமை யாவரும் அறிந்ததே. அங்ஙனமாக, ஓரெழுத்தின் தலைமேற் கரும்பொட்டொன்று காணின், அது எழுதினோர் இட்ட புள்ளியா, பூச்சி அரித்த துளையா? கருந்துணிமேல் வைத்துப் படமெடுத்த ஏட்டில் துளை துணியின் கருமையைக் காட்டும். மையோ ஓலையின் பழுப்புக் கலந்து நிற்கும். இவ்விரு கருமைகளையும் ஒன்றாக்கிக் காட்டும் திரையை நம்பிப் பாடங்கொள்வார், உயிர்மெய்யை மெய்யெனப் படித்துவிடுதல் கூடும்.

புதிதாக வாங்கிய திரை மிக்க ஒளியும் நீலச்சாயலும் உடைத்தாதல் உண்டு. இரவிற் கண்ணுக்கு இதமாக நீலத்தைக் குறைக்கும் அமைப்போ புத்தோலையையும் முதிர்ந்த ஓலைபோற் காட்டும். நிறங்கொண்டு ஏட்டின் பழமை கூறப் புகுவார் முதற்கண் அணைக்கத்தக்கது இதுவே என்போம்.

திரையை அளவுதிருத்துதற்கு நிறமானி என்னும் சிறு கருவி உண்டு. திரையை அரைமணி நேரம் எரியவிட்டு, கருவியை அதன் முகத்திற் படியவைப்பின், உடன்வரும் மென்பொருள் பல நிறங்களை ஒவ்வொன்றாகக் காட்டும். கருவி அவற்றை அளக்கும். வேறுபாடு ஒரு கோப்பிற் பதிவாகும். கணினி அதன்படி நிறத்தைத் திருத்திக் காட்டும். வெண்மைக்கு 6500 கெல்வின், காமா 2.2 என்பன பொதுவாகக் கொள்ளும் இலக்குகள். ஒளிர்வு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை அமையலாம். அறையின் ஒளி மங்கலாயின் குறைந்த எண்ணே நன்று. சன்னல் வெயில் திரைமேல் விழும் அறையில் இம்முயற்சி முழுதும் வீண். திரை நாளடைவில் மாறுமாதலின், திங்களுக்கொருமுறை மீண்டும் அளத்தல் நலம். கருவியொன்றைத் துறை வாங்கிவைப்பின் மாணவர் பலரும் மாறிமாறிப் பயன்கொள்ளலாம்.

எனினும், படமெடுக்கும்பொழுதே நிறம் பிறழ்ந்திருப்பின் திரை என் செய்யும்? ஏட்டின் அருகே சாம்பல்நிற அளவுகோல் வைத்துப் படமெடுத்திருப்பின், அதன் சாம்பற் கட்டத்திற் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் எண்களும் ஏறத்தாழ ஒத்துள்ளனவா என நோக்கலாம். அளவுகோல் இல்லாத படத்தின் நிறத்தைச் சான்றாகக் காட்டாதிருத்தலே தகும். அத்தகைய இடத்திற் பொட்டின் உண்மை தெரிதற்கு நூல்நிலையத்திற்கே சென்று, ஏட்டைச் சாய்வொளியிற் பிடித்து, கீறலின் பள்ளம் உண்டா எனக் காணல் வேண்டும்.