உங்களுக்குத் தெரியுமா? எழுத்துகளால் கட்டிய எழுத்து

விசைப்பலகைக் குறிகளை அடுக்கிக் கட்டும் ராட்சத எழுத்துகள் வெறும் விளையாட்டுக்காகப் பிறந்தவை அல்ல. எந்தக் காகிதக் கட்டு யாருடையது என்று பிரிக்க, கணினிக் கூடங்களுக்கு அவை தேவைப்பட்டன!

• அன்று பலருடைய அச்சு வேலைகளும் ஒரே அச்சுப்பொறியில், மடிப்பு மடிப்பான தொடர்தாளில் வந்து விழும். வரி வரியாக அச்சிடும் அத்தகைய பொறிகளுக்கு ஒரே அளவு எழுத்துதான் தெரியும். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு தாள் வரும். அதில் உரியவரின் பெயர், சின்னக் குறிகளால் கட்டிய பெரிய எழுத்துகளில் இருக்கும். எட்ட நின்றே படித்து, கிழித்துக் கொடுத்துவிடலாம்.

• யூனிக்ஸ் இயங்குதளத்தில் இதற்கு ‘பேனர்’ என்றே ஒரு கட்டளை உண்டு. பெர்க்லி பதிப்பில் எழுத்துகள் பக்கவாட்டில் திரும்பி அச்சாகும். அகலம் வழக்கமாக 132 குறிகள். நீளமோ, காகிதம் தீரும் வரை!

• 1991-இல் பிறந்தது, இதே வேலையைச் செய்யும் ‘ஃபிக்லெட்’ என்ற நிரல். கிளென் சாப்பெல், இயன் சாய் இருவரின் ஆக்கம். இது எழுத்துகளை அருகருகே வைப்பதோடு நிற்காது, ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டவும் செய்யும். இரண்டு குறிகள் மோதினால் எது நிற்கும்? பக்கவாட்டு மோதலுக்கு மட்டும் 6 விதிகள். \ குறியும் / குறியும் மோதினால் ஆங்கில ‘ஒய்’ எழுத்து. வரிசை மாறினால் | என்ற நெட்டைக் கோடு. எவ்வளவு அழகான யோசனை!

• இதற்கான எழுத்துரு வெறும் உரைக்கோப்புதான். நசுங்கக் கூடாத வெற்றிடத்தைக் காட்ட, பெரும்பாலும் $ குறியை இடுவார்கள். அச்சில் அது மறைந்துவிடும்.